நாலாவது மூலை

தொண்ணூறு நாள் விசாவில் நாற்பத்தோராம் நாள், ஜெர்மனியின் எர்லாங்கனில் என் மகள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில், யாரென்று தெரியாத ஒருவருடைய சால்வையைக் கத்தரித்தேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து அடுத்த வாரத்து வெள்ளி வரை பதினோரு நாள். இரண்டு நாள் ரயிலில் போயின. கோட்டையையும் அருங்காட்சியகத்தையும் பற்றிப் படிக்க நினைப்பவர்கள் இதை இப்போதே மூடிவைத்துவிடலாம். நான் பார்த்தது ஒரு நிலவறை, ஒரு காவல் கூண்டு, ஒரு இடுகாடு.

கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முப்பத்தெட்டு வருடம் தரம் பார்க்கும் வேலை செய்தவன் நான். தையல் முடிந்த துணியில் தொங்கும் நூல் நுனியை எங்கள் ஊரில் பிசிர் என்போம். பிசிர் உள்ள துணி கப்பல் ஏறாது. அதை வெட்டுவதற்கு விரல் நீளத்தில் ஒரு கத்தரி உண்டு. ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகியும் அது என் பையில்தான் இருக்கிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் சட்டையில் பிசிர் வெட்டி, அவர் பதறிப்போய் எழுந்து நின்றது உண்டு.

நிலவறைக்கு இருபத்து மூன்று படி. ஐந்து சலவை இயந்திரம், எட்டுக் கொடி. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று சுவரில் அட்டவணை. விளக்கு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும். மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும். இருட்டில் காசு மிச்சம் பிடிக்கும் நாடு.

நான்காவது கொடியில் அந்தச் சால்வை கிடந்தது. பழுப்பேறிய வெள்ளைக் கம்பளி, கறுப்புப் பட்டை. நாலு மூலையிலும் துளையிட்டு நூலைக் கோத்து, முடிச்சும் சுற்றும் போட்டுக் குஞ்சம் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று குஞ்சம் நேராக நின்றன. நாலாவதில் ஒரு நூல் அறுந்து, முடிச்சு தளர்ந்து கிடந்தது. அந்த ஒரு நுனியை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் கத்தரியை வைத்தேன். பழைய கம்பளி. கத்தரி பக்கத்துச் சுற்றையும் சேர்த்துக் கடித்தது. சுற்று அவிழ்ந்தது. அதைச் சரி செய்யப் போய் இன்னொன்று. விளக்கு அணைந்தது. பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, ஒரு மூலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. அடியோடு வெட்டி எடுத்தேன்.

வெட்டியதை எறியவில்லை. கம்பெனி வழக்கம். குறையுள்ளதை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும். வைத்தேன். பிறகு மற்ற மூன்று குஞ்சங்களையும் எண்ணினேன். எட்டு நூல், ஐந்து முடிச்சு. முடிச்சுகளுக்கு இடையே சுற்றுகள்: ஏழு, எட்டு, பதினொன்று, பதின்மூன்று. மூன்று மூலையிலும் ஒரே எண். யார் வைத்த கணக்கு இது என்று கொஞ்ச நேரம் அசந்து நின்றேன். கடைத்தெருவுக்குப் போய் அதே கனத்தில் கம்பளி நூல் வாங்கி வந்து, நிலவறையில் நின்றபடியே புதுக் குஞ்சம் கட்டினேன். நாலு முறை அவிழ்த்துக் கட்டியதில் இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. விளக்குப் பொத்தானை நாற்பத்து நான்கு முறை அழுத்தினேன். முடித்ததும் சால்வை கிடந்த மடிப்பிலேயே அதைக் கொடியில் போட்டுவிட்டு மேலே வந்து தோசை சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை கதவு மணி அடித்தது. வெளியே தவமலர். மேல்மாடியில் தனியாக இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்ள வருகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனிக்கு வந்து முப்பத்து மூன்று வருடம் ஆகிறது. மாடிப்படியில் ஆறேழு முறை பேசியிருக்கிறோம்.

"அண்ணை, கீழை கொடியிலை கிடந்த சால்வையை ஆரும் தொட்டதைக் கண்டனீங்களோ? மனிசன் என்னைத்தான் கேக்கிறார். நான் ஒண்டும் செய்யேல்லை எண்டால் நம்புறாரில்லை. ஏஜென்சிக்குச் சொன்னாரெண்டால் எனக்கு வேலை இல்லை."

"நான்தானம்மா" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் அண்ணை, உங்களுக்குச் செய்யிறதுக்கு வேறை வேலையே கிடைக்கேல்லையோ? வாங்கோ மேலை. உங்கட வாயாலை சொல்லுங்கோ."

முதியவர் பெயர் லாசர். எண்பத்தேழு வயது. சோவியத் காலத்தில் செர்னிவ்ட்சி என்ற ஊரில் இருந்தவர், யூதர். கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது, இரண்டு கையும் நடுங்கின. சால்வை மடியில் இருந்தது. அவர் ஜெர்மனில் பேசியதைத் தவமலர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"கேக்கிறார், தன்னை எப்ப புதைக்கிறதெண்டும் நாள் பாத்திட்டீங்களோ எண்டு."

எனக்குப் புரியவில்லை. தவமலருக்கும் முதலில் புரியவில்லை. கேட்டுக் கேட்டுச் சொன்னார். அவர்களில் ஒருவர் இறந்தால் இந்தச் சால்வையைச் சுற்றித்தான் புதைப்பார்களாம். அப்போது ஒரு மூலையின் குஞ்சத்தை வெட்டிவிடுவார்களாம். குஞ்சம் இருப்பது, பார்த்தவுடன் கடவுளின் கட்டளைகள் நினைவுக்கு வருவதற்காக. செத்தவனுக்கு இனிக் கட்டளை ஏது? அதனால் அதற்கு வேலை முடிந்தது என்று வெட்டுவது. உயிரோடு இருக்கிறவன் சால்வையில் மூலையை வெட்டினால் அது என்ன சால்வை?

நான் என் தரப்பைச் சொன்னேன். குறை இருந்தது, எடுத்தேன், அதே கணக்கில் திரும்பக் கட்டினேன். ஏழு, எட்டு, பதினொன்று, பதின்மூன்று.

எண்களைத் தவமலர் சொன்னதும் அவர் முகம் மாறியது. நடுங்கும் விரலால் என் குஞ்சத்தை மேலிருந்து கீழே தடவினார். உதடு அசைந்தது. "முப்பத்தொன்பது, சரிதான்" என்றார். பிறகு அவரே கணக்கைச் சொன்னார். ஏழும் எட்டும் பதினொன்றும் சேர்ந்தால் இருபத்தாறு. அவர்கள் எழுத்துக்கெல்லாம் எண் உண்டு. கடவுள் பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் இருபத்தாறு. ஒன்று என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் பதின்மூன்று. ஆக முப்பத்தொன்பது சுற்றும் சேர்ந்து, கடவுள் ஒருவரே என்கின்றன. குஞ்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அறுநூறு. அதோடு எட்டு நூல், ஐந்து முடிச்சு. அறுநூற்றுப் பதின்மூன்று. அவர்களுடைய கட்டளைகளும் அறுநூற்றுப் பதின்மூன்று. ஆதியில் ஒரு நூல் கடல் நீலமாக இருந்ததாம். அந்தச் சாயம் எதிலிருந்து எடுத்தார்கள் என்பது மறந்துபோய், வெள்ளை மட்டும் நின்றுவிட்டதாம்.

எழுபத்து நான்கு வயதில், என்னைப் போலவே எண்ணுகிற ஒரு கூட்டத்தைக் கண்டேன். அந்த மகிழ்ச்சி அரை நிமிடம் இருந்தது.

"கணக்குச் சரியாம் அண்ணை" என்றார் தவமலர். "ஆனா இது வெறும் நூலாம்."

இந்தக் காரியத்துக்கென்று வாயால் சொல்லி நூற்ற நூலாக இருக்க வேண்டும். அந்தக் கட்டளைக்கு உட்பட்ட ஒருவர் கட்ட வேண்டும். நான் வாங்கியது மஃப்ளர் பின்னுகிற நூல். கட்டியவனோ எந்தக் கட்டளைக்கும் உட்படாதவன். சால்வையில் இப்போது மூன்று மூலைதான். அதைப் போர்த்தித் தொழ முடியாது.

இன்னொன்றும் சொன்னார். அந்த ஒரு நூல் அறுந்து பதினான்கு வருடம் ஆகிறதாம். ஒரு நூல் அறுந்தால் குற்றமில்லையாம். நான் கழித்துப்போட்டது தேறிய சரக்கு.

உறையை எடுத்துவந்து கொடுத்தேன். வெட்டிய குஞ்சத்தை விரலால் அறிந்துகொண்டதும் லாசர் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். அவர் பேசியதைத் தவமலர் பாதியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாலு மூலையும் லாசரின் அப்பா கையால் கட்டியது. லாசருக்கு மூன்று வயதாக இருக்கும்போது ஒரு காலையில் சிப்பாய்கள் வந்து அப்பாவைப் போட்டிருந்த சட்டையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். சால்வை நாற்காலியில் கிடந்தது. அதனால் அது தப்பியது. அம்மா அதைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார். அப்பாவின் கையெழுத்தோ படமோ எதுவும் இல்லை. நாலு முடிச்சுக் கொத்து மட்டும். இப்போது மூன்று.

"திங்கட்கிழமை இவருக்கு ஒப்பரேஷன். குடலிலை கட்டி. டொக்டரும் ஒண்டும் உறுதியாச் சொல்லேல்லை" என்றார் தவமலர். "போகமுதல் விடியக்காலமை இதைப் போத்துக்கொண்டு ஒருக்காத் தொழவேணும், அவ்வளவுதான் ஆசை. வேறை ஒண்டு வாங்குவம் எண்டன். சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தார்."

"திருப்பிக் கட்டிட்டேனேம்மா" என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"அண்ணை, ஒருத்தியின்ர தாலிக்கொடியை அறுத்துப்போட்டு, அதை விட நல்ல நூலிலை நானே கட்டிவிட்டன், முடிச்சு மூண்டும் சரி எண்டு நீங்கள் சொன்னால், அவள் உங்களுக்குத் தேத்தண்ணி தருவாளோ?"



பிராங்க்பர்ட்டில் ஒருவர் இருக்கிறார், உரிய நூலும் வைத்திருப்பவர், கட்டித் தருவார் என்று லாசர் எண் கொடுத்தார். தவமலர் பேசினார். தபாலில் அனுப்பினால் நேரமில்லை. வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்குள் கொண்டுவர வேண்டும். பொழுது சாய ஓய்வுநாள் தொடங்கிவிடும், பிறகு சனிக்கிழமை இருட்டும் வரை அவர் முடிச்சுப் போடமாட்டார். நான் போகிறேன் என்றேன்.

மகள் மீனா வேலையிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும் சொன்னேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா! அது ரிலீஜியஸ் ஐட்டம்ப்பா. இந்த ஊர்ல போயி, ஒரு ஜூயிஷ் ஓல்ட் மேனோடதை... டூ யூ ரியலைஸ்?"

"பிசிர்னு நினைச்சுட்டேன்மா."

"எங்க வீட்டு ஸ்கிரீன்ல வெட்டுனீங்க, சும்மா இருந்தேன். என் மேனேஜர் கோட்ல வெட்டுனீங்க, அப்பவும் சும்மா இருந்தேன்." பிறகு தயிர்ச் சாதத்துக்கு அரிசி நனைத்தாள்.

வெள்ளிக்கிழமை. சால்வை துணிப்பையில், பை மடியில். மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். வழியில் ஒரு பீட்ரூட் வயலுக்கு நடுவே ரயில் நின்றுவிட்டது. அறிவிப்பு வந்தது, யாரும் தலையைத் தூக்கவில்லை. எங்கள் ஊரில் ரயில் நின்றால் பத்துப் பேர் இறங்கித் தண்டவாளத்தைப் பார்ப்பார்கள், பத்து நிமிடத்தில் சுண்டல் வந்துவிடும். இங்கே எதிர் இருக்கைக்காரர் ரொட்டியைப் பிரித்துக்கொண்டே மனைவியிடம் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்த மாணவி சிரித்தாள். என்னவென்று கேட்டேன். "நின்ற இடத்தில் வெயிலாவது இருக்கிறதே என்கிறார்" என்றாள். நான் தயிர்ச் சாதத்தைத் திறந்தேன். எலுமிச்சை ஊறுகாய் வாசனைக்கு அந்த அம்மாள் ஜன்னலைத் தேடினார். ஜன்னல் திறக்காத ரயில். மூடிவிட்டேன். இரண்டாவது ரயில் வரவே இல்லை; மூன்றாவதில் ஏறினேன். மொத்தம் இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடத் தாமதம். அப்படியும் நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர் இருக்கும் தொழுகைக்கூடத்தின் வாசலில் நின்றேன். ஐந்து நிமிடம் மிச்சம்.

வாசலில் காவல் வண்டி. கம்பிக் கதவு. உள்ளே கண்ணாடிக் கூண்டு. யூதர்களின் கட்டடம் எதற்கும் இந்த நாட்டில் இப்படித்தான் காவல் என்று மீனா சொல்லியிருந்தாள். கோயிலுக்குள் செருப்பை விட்டுப் போகிறோம். இவர்கள் கோட்டு, பை, பெயர் எல்லாவற்றையும் கண்ணாடிக்கு முன் விட்டுப் போகிறார்கள். இளம் காவலர் என் பையைக் கொட்டினார். சாப்பாட்டு டப்பா, மாத்திரை ஆறு பட்டை, குல்லாய். கடைசியில் கத்தரி.

"இது எதற்கு?" ஆங்கிலத்தில் கேட்டார்.

"நூல் வெட்ட."

"எந்த நூல்?"

அந்தக் கேள்விக்கு அந்த வாசலில் நான் என்ன பதில் சொல்வது? அதற்குள் அவர் துணிப்பையிலிருந்த சால்வையைப் பார்த்துவிட்டார். மற்றவரைக் கூப்பிட்டார். பாஸ்போர்ட்டைப் புரட்டினார்கள், எங்கோ தொலைபேசினார்கள். என் முகத்தையும் கத்தரியையும் சால்வையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பதினாறு நிமிடம். கத்தரியை ஒரு டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே அனுப்பியபோது மணி நாலு இருபத்தொன்று.

முடிச்சுப் போடுகிறவர் முற்றத்தைத் தாண்டி ஒரு சின்ன வீட்டில் இருந்தார். தாடிக்காரர், அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை. பின்னால் ஜன்னலில் மெழுகுவத்தி இரண்டு எரிந்தன. மேசையில் நூல் கட்டு எடுத்து வைத்திருந்தது.

"பதினொரு நிமிடம் பிந்திவிட்டது" என்றார் ஆங்கிலத்தில். "இனி நான் முடிச்சுப் போட முடியாது."

கெஞ்சினேன். திங்கட்கிழமை அறுவை என்றேன். கிழவர் காத்திருக்கிறார் என்றேன்.

"ஓய்வுநாளில் செய்யக் கூடாத வேலைகள் முப்பத்தொன்பது. முடிச்சு அதில் ஒன்று."

"முப்பத்தொன்பதா?"

"ஆமாம். நீங்கள் எண்ணுகிறவரோ?"

"சுற்றும் முப்பத்தொன்பது..."

"இது வேறு முப்பத்தொன்பது" என்றார். பிறகு, "ஒரு உயிர் போகும் என்றால் சட்டம் வழிவிடும். இந்த நிமிடமே விடும். சால்வைக்கு விடாது. மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள். நாளை இருட்டியதும் கட்டுகிறேன். ஞாயிறு வாருங்கள்."

நான் நகரவில்லை. "நான் முடிச்சுப் போடுகிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள்."

அவர் என் பையிலிருந்த சால்வையின் நாலாவது மூலையைக் குனிந்து பார்த்தார். "நீங்கள் ஏற்கெனவே நிறைய உதவி செய்திருக்கிறீர்கள்" என்றார்.

சனிக்கிழமை. லாசரின் அறை என் அறைக்கு நேர் மேலே. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு அவர் தடியூன்றிப் போவது தினமும் பத்தொன்பது தட்டு, காலையில் தொழுவதற்கு. அன்று ஒரு தட்டும் கேட்கவில்லை. மத்தியானம் தவமலர் ஒரு டப்பா பிட்டைக் கொடுக்க வந்தார். "அவருக்குச் சூப் வைச்சன், தொடேல்லை. நீங்களாவது தின்னுங்கோ" என்றார். பிட்டு நன்றாக இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஞாயிறு. வெள்ளியன்று திரும்பும்போது அவர்கள் கொடுத்துவிட்ட கத்தரி, இப்போது வீட்டு மேசை இழுப்பறையில். அதே காவலர். "இன்று வெட்டுவதற்கு ஒன்றுமில்லையா?" என்றார். நாற்பது நொடியில் விட்டுவிட்டார். இந்த நாற்பது நொடி வெள்ளிக்கிழமையல்லவா வேண்டியிருந்தது?

தாடிக்காரர் சால்வையை விரித்துக் காட்டினார். மூன்று மூலை பழுப்பு, ஒன்று பளிச்சென்ற வெள்ளை. கூடவே ஒரு உறை கொடுத்தார். உள்ளே நான் கட்டிய குஞ்சம்.

"உங்கள் முடிச்சு. இவ்வளவு ஒழுங்காக நானே கட்டமாட்டேன்" என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது. தவமலர் கீழே வந்து கூப்பிட்டார்: "உங்களை வரட்டாம் அண்ணை."

லாசர் கிழக்கு ஜன்னல் பக்கம் நின்றார். தவமலர் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்தினார். நான் கதவோரம் நின்றேன். ஒரு கட்டத்தில் நாலு மூலையின் குஞ்சங்களையும் இடது கையில் சேர்த்துப் பிடித்தார். அதைப் பார்த்து நினைவில் வைத்துக்கொள் என்று அவர்கள் வேதத்தில் வரும் இடமாம். பார்வை இல்லாதவர் விரலால் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் விரல் நின்றது. பிறகு நாலையும் கண்ணில் ஒற்றி முத்தமிட்டார். இருபத்திரண்டு நிமிடம். மாடிப்படியில் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சால்வையைத் தானே மடித்தார். வெட்டிய குஞ்சத்தை வைத்திருந்த தொழுகைப் புத்தகத்தை அதன் மேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்த பின் என் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசினார். தவமலர் சொல்லவில்லை. இரண்டு முறை கேட்ட பிறகு சொன்னார்.

"திரும்பி வராட்டி ஒரு மூலை வெட்டுவினமாம். நாலாவதை வெட்டச் சொல்லட்டாம். தகப்பன்ர மூண்டையும் விடட்டாம். அதை நீங்கள்தான் சொல்லவேணுமாம்."

"நான் எதுக்கும்மா?"

"எண்ணத் தெரிஞ்ச ஆள் நீங்கள்தானாம்."

செவ்வாய்க்கிழமை, அறுவை முடிந்தது, கண் விழிக்கவில்லை என்றார்கள். புதன் விடிகாலை ஐந்தே காலுக்குத் தவமலர் தொலைபேசினார். "மனிசன் போயிட்டார் அண்ணை" என்றார்.

வெள்ளிக்கிழமை இடுகாடு. ஹைஃபாவிலிருந்து மகன் வந்திருந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்களையும் சேர்த்துப் பதினான்கு பேர். உடலைத் தயார் செய்பவர்களில் ஒருவரைத் தவமலர் வாசலிலேயே நிறுத்தினார். நான் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொன்னேன், அவர் ஜெர்மனில் சொன்னார். வெள்ளையாக இருப்பது. அது ஒன்று மட்டும். அந்த மனிதர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து தலையசைத்து ஏதோ சொன்னார்.

"நாலாவதைத்தான் வெட்டினவை" என்றார் தவமலர். "புத்தகத்துக்கை இருந்த பழசையும் உள்ளை வைச்சாச்சாம்."

பிராங்க்பர்ட் குஞ்சம் கட்டி ஆறு நாள்கூட முழுதாக ஆகவில்லை. போர்த்தியது ஒரு முறை.

குழிக்குப் போகும் முன் மகனை நிறுத்தினார்கள். ஒருவர் சின்னக் கத்தியால் அவருடைய கோட்டின் இடது மார்பில் ஒரு வெட்டுப் போட்டார். மகன் அந்த வெட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கிக் கிழித்தார். ஒரு சாண். நல்ல கம்பளி, இறுக்கமான நெசவு; கிழிய மறுத்தது. மூன்று இழுப்பு.

"பெத்தவையள் செத்தால் இப்பிடித்தானாம். பிறகு எப்பவும் ஒழுங்காத் தைக்கக்கூடாதாம்" என்று தவமலர் காதருகே சொன்னார்.

பிறகு எல்லோரும் வரிசையில் நின்று மகனிடம் ஆறுதல் சொல்லிக்கொண்டு நகர்ந்தார்கள். என் முறை வந்தது. அவருக்கு எதிரே நின்றேன். கிழிசலில் பதினொரு நூல் தொங்கியது. இரண்டு நீளம், ஒன்பது குட்டை. கத்தரி தேவையில்லை, விரலால் இழுத்தால் வந்துவிடும். என் வலது கை எழுந்தது. அவர் அதைத் தன்னிடம் நீட்டிய கை என்று நினைத்து இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். விடவில்லை. நானும் விடவில்லை.